துவர்ப்பு எங்கே போகிறது?

விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் பன்னீர் திராட்சைக்கு ஜெர்மனியில் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பந்தல் பந்தலாய் விளைந்து லாரி ஏறி வருகிற பழம் இது. 2023ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றது. தாவரவியல் ஏடுகளில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுச் சோதனை இதன் பெற்றோர் இருவரையும் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்று, மணத்துக்குப் பேர்போன மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. ரோஜாப்பூவில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளிலும் இருக்கிறது. பன்னீர் வாசம் அந்த வழியில் வந்த சொத்து.

இன்னொரு பெற்றோரை இத்தாலியில் ஸ்கியாவா க்ரோஸ்ஸா என்பார்கள். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பிளாக் ஹாம்பர்க். லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768ல் நட்ட அந்த வகைக் கொடி ஒன்று இன்றைக்கும் காய்க்கிறது. ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கார் ஆற்றங்கரைச் சரிவுகளில், அதே திராட்சைக்கு ட்ரோலிங்கர் என்று பெயர். வூர்ட்டெம்பர்க் வட்டாரத்து மக்கள் சாப்பாட்டோடு அன்றாடம் குடிக்கும் இனிப்பில்லாத சிவப்பு ஒயின் அதிலிருந்துதான் வருகிறது.

உறவு இதோடு நிற்கவில்லை. அதே வட்டாரத்தில் வைன்ஸ்பெர்க் என்ற ஊரில் திராட்சை ஆராய்ச்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஆகஸ்ட் ஹெரால்ட், 1931ல் ட்ரோலிங்கரை இன்னொரு வகையோடு இனக்கலப்பு செய்து ஹெல்ஃபென்ஷ்டைனர் என்ற திராட்சையை உண்டாக்கினார். 1955ல் அதை மேலும் ஒரு வகையோடு சேர்த்தார். அப்படிப் பிறந்த டார்ன்ஃபெல்டர்தான் இன்று ஜெர்மனியில் அதிகம் பயிராகும் சிவப்பு ஒயின் திராட்சைகளில் இரண்டாவது. முறை வைத்துச் சொன்னால் கம்பத்துப் பன்னீர் திராட்சை டார்ன்ஃபெல்டருக்குப் பெரியம்மா.

இனிப்பில்லாத சிவப்பு ஒயின் என்றதும், எந்தச் சாப்பாட்டோடு எது சேரும் என்ற பேச்சு கூடவே வந்துவிடுகிறது. பெரிய ஓட்டல்களில் அதைச் சொல்வதற்கென்றே ஆள் உண்டு. பணக்கார வீட்டு நாசூக்கு என்று நாம் அதை ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது எச்சில், புரதம், நரம்பு மூன்றும் சேர்ந்து வாய்க்குள் நடத்துகிற வேதியியல். ஒரு சொட்டு ஒயின் குடிக்காமலே, நம்மூர் டீயையும் திராட்சையையும் காரசேவையும் வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

தோலில் இருக்கும் நிறம்

ஒரு பன்னீர் திராட்சையை எடுத்து விரலால் பிதுக்குங்கள். வெளியே வரும் சதை, லேசான பச்சை கலந்த வெளுப்பு. கறுப்பும் சிவப்பும் தோலிலேயே தங்கிவிடும். உலகத்துச் சிவப்பு ஒயின் திராட்சைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். சாற்றை மட்டும் வடித்துப் புளிக்கவைத்தால் வெளிறிய ஒயின்தான் கிடைக்கும். சிவப்பு வேண்டுமானால் தோலும் சாற்றோடு ஊறவேண்டும்.

பத்துப் பதினைந்து பழத்தின் தோலை வெந்நீரில் கசக்கி, அந்தத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பளீரென்று சிவக்கும். மற்றதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் நீலமும் பச்சையுமாகக் கறுத்துப்போகும். ஆந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை இது. சிவகாசி மத்தாப்பில் எரியும் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பிலிருந்து வருவது. புளிப்புக்கும் காரத்துக்கும் அது மசியாது. திராட்சையின் சிவப்போ புளிப்பு இருக்கிறவரைக்கும்தான் சிவப்பு. ஒயின் சிவப்பாக நிற்கக் காரணம், அதில் எலுமிச்சைத் தண்ணீரைப் போல அமிலம் நிறைந்திருப்பதே.

இனிப்பு எப்படிக் காணாமல் போகிறது? ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகின்றன. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் சேரும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு, முழுக்கப் புளித்து முடிந்தால் சுமார் 12 சதவீத ஒயினாகும். ஜெர்மனியில் ஒரு புட்டியின் மேல் ‘இனிப்பற்றது’ என்று பொருள்படும் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லைப் போட வேண்டுமானால், லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சியிருக்கக் கூடாது. புளிப்பு அதிகமுள்ள ஒயினுக்கு மட்டும் 9 கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. டீக்கடையில் ஒரு கிளாஸ் டீக்குப் போடும் சர்க்கரையை நினைத்துப் பார்த்தால், ஒரு லிட்டருக்கு இது எவ்வளவு குறைவு என்பது புரியும். இனிப்பு போனபின் நாக்கில் மிஞ்சுவது மூன்று: புளிப்பு, ஆல்கஹாலின் சூடு, துவர்ப்பு. சாப்பாட்டோடு சேர்வதும் சேராததும் இந்த மூன்றையும் பொறுத்தது.

வழுக்கலைப் பறிக்கும் துவர்ப்பு

திராட்சை விதையைத் துப்பாமல் ஒருமுறை நன்றாகக் கடித்து மென்று பாருங்கள். வாய் வறண்டு, நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரத்துப் போகும். பிஞ்சு வாழைக்காயிலும் கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் இருக்கும் அதே துவர்ப்பு. அதைத் தருவது டானின்.

நம் எச்சில் வெறும் தண்ணீர் கிடையாது. அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் மிதக்கின்றன. வாய்க்குள் எல்லாம் வழுவழுப்பாக நகர உதவுபவை எச்சிலில் உள்ள புரதங்கள். டானின் வந்தவுடன் அவற்றைப் பற்றிக்கொண்டு திரித்துவிடுகிறது. வழுக்கல் போய்விடுகிறது, தோலோடு தோல் உரசுகிறது. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம். நம் முன்னோர் அதை அறுசுவையில் ஒன்றாக வைத்தார்கள். இன்றைய உடலியல் பெரும்பாலும் அதைத் தொடு உணர்ச்சியோடு சேர்க்கிறது. எந்தப் பட்டியலில் வைத்தாலும், சாப்பாட்டில் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதை நம் பட்டியல் மறக்கவில்லை.

வேலை என்ன என்பதை எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். ஸ்ட்ராங்கான கட்டன் சாயாவை சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடியுங்கள், நாக்கை இழுக்கும். அதே டிகாஷனில் பால் ஊற்றிக் குடியுங்கள். இழுப்பு பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். துவர்ப்பு எங்கே போயிற்று? பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், தேயிலையின் துவர்ப்புப் பொருளைக் கிளாசுக்குள்ளேயே பற்றிக்கொண்டது. உங்கள் எச்சிலைத் திரிக்க மிச்சம் அதிகம் இல்லை. சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டியும் இறைச்சியும் சேரும் என்று ஐரோப்பியர் சொல்வதன் அடிப்படையும் இதுவே. டானினுக்கு வேறு புரதம் கிடைத்தால் வாய் தப்பிக்கிறது.

கொழுப்போடு துவர்ப்புக்கு உள்ள கணக்கு இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தையும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திராட்சை விதைச் சாரம், பச்சைத் தேயிலைப் பொருள் போன்ற துவர்ப்பு நீரைப் பலருக்கும் வாய் வாயாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் துவர்ப்பு ஏறிக்கொண்டே போனது. இடையிடையே கொழுப்புள்ள உலர் இறைச்சியைத் தின்னவைத்தபோது, இறைச்சி துவர்ப்பைக் குறைத்தது; துவர்ப்பு நீர் வாயில் படிந்த கொழுப்பைக் குறைத்தது. வழுக்கலும் சொரசொரப்பும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பது அந்த ஆய்வின் முடிவு. பரோட்டா சாப்பிட்டு முடித்தவர் கட்டன் சாயா கேட்பதும், கல்யாண விருந்து முடிந்ததும் பாக்குத் தட்டு வருவதும் இந்தத் தராசைச் சமன்செய்யும் காரியங்களே. பாக்கிலும் டானின் நிறைய இருக்கிறது. வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருவதும் அதே பாக்குதான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மிளகாய் குறுக்கே வரும்போது

இதுவரை சொன்னது ஐரோப்பியச் சாப்பாட்டுக்குப் போதும். விருதுநகர்ச் சாப்பாட்டுக்குப் போதாது, ஏனென்றால் இங்கே தட்டில் வத்தல் இருக்கிறது.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், சுவை மொட்டுகளைத் தொடுவதில்லை. நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற வாயிலைத் திறக்கிறது. 1997ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். 2021ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பும் காரணம். அந்த வாயிலின் இயல்பான வேலை, சுடுகிறது என்று மூளைக்குச் சொல்வது. ஏறக்குறைய 42 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறக்கும். கேப்சைசின் சூடில்லாமலே அதைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் ஆறிப்போன குழம்பும் எரிகிறது.

2002ல் வெளியான ஓர் ஆய்வு இதில் ஆல்கஹாலின் பங்கைக் காட்டியது. எத்தனால் பட்டதும் அந்த வாயில் திறக்கும் வெப்பநிலை 42 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடலின் வெப்பமே 37 டிகிரி. ஆல்கஹால் பட்டால், உடம்பின் சொந்தச் சூடே நரம்புக்குச் சுடுகிறது! புண்ணில் ஸ்பிரிட் பட்டால் எரிவதும் இதனால்தான். வத்தல் அரைத்த மட்டன் சுக்காவைத் தின்றுவிட்டு 14, 15 சதவீத ஆல்கஹாலும் டானினும் நிறைந்த கனத்த சிவப்பு ஒயினைக் குடித்தால், மிளகாய் திறந்த வாயிலை ஆல்கஹால் இன்னும் அகலத் திறக்கும். டானின் எச்சிலின் பாதுகாப்பையும் பறித்துவிடும். காரமும் கசப்பும் சேர்ந்து நாக்கு எரியும்.

இந்த இடத்தில் ட்ரோலிங்கரின் குணம் கைகொடுக்கிறது. அந்தப் பழம் பெரியது, தோலில் நிறம் குறைவு, ஒயின் வெளிர்ச்சிவப்பு. ஆல்கஹால் பெரும்பாலும் 11, 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வூர்ட்டெம்பர்க்கில் பலர் திராட்சையை நசுக்கியதும் அந்தக் கூழைச் சூடாக்கிவிடுகிறார்கள். தோலின் நிறமி சூடான சாற்றில் எளிதாக இறங்கும். விதையின் டானின் இறங்குவதற்கு ஆல்கஹால் வேண்டும். ஆகவே புளிக்கும் முன்பே சூடாக்கி, சிவந்த சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டால் நிறம் வரும், துவர்ப்பு அதிகம் வராது. பன்னீர் திராட்சைத் தோலை வெந்நீரில் கசக்கி நாம் செய்த சோதனையின் பெரிய உருவம் இது. டார்ன்ஃபெல்டர் அடர்ந்த நிறத்துக்காகவே உருவாக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதன் துவர்ப்பு கனத்த ஒயின்களின் அளவுக்கு முரட்டுத்தனமாக இருக்காது.

வூர்ட்டெம்பர்க்காரர்கள் மிளகாயை நினைத்து இதைச் செய்யவில்லை. அவர்கள் ட்ரோலிங்கரோடு தின்பது ரொட்டி, தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, மாவுத் தாளுக்குள் கொத்துக்கறியும் கீரையும் வைத்து மூடி வேகவைக்கும் மௌல்டாஷன். வறுத்த வெங்காயம் மூடிய மாட்டிறைச்சி என்றால், துவர்ப்பு கூடுதலான லெம்பெர்கர் ஒயினுக்குப் போவார்கள். கறி கனக்கக் கனக்க டானினும் கனக்கிறது. தராசு அங்கேயும் அதே தராசு.

நம் தட்டை வைத்து ஒரு கணக்கு

விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் முறுகப் பொரித்த மாவு, கூடவே சால்னா, ஓரத்தில் சுக்கா. எண்ணெயின் வழுக்கலுக்குப் புளிப்பும் கொஞ்சம் துவர்ப்பும் வேண்டும். காரத்துக்கு ஆல்கஹால் குறையவேண்டும். இரண்டு நிபந்தனையும் சந்திக்கிற இடத்தில்தான் மெல்லிய, இனிப்பற்ற ஜெர்மானியச் சிவப்பு நிற்கிறது. இரண்டையும் அதைவிட நன்றாக நிறைவேற்றுவது நம் மோர். புளிப்பு உண்டு, ஆல்கஹால் இல்லை, கேப்சைசினைப் பற்றி இழுத்துப்போகக் கேசீனும் இருக்கிறது.

சாத்தூர் காரசேவில் உப்பு தூக்கலாக இருக்கும். உப்பு கசப்பை அமுக்கும். கொய்யாவிலும் மாங்காயிலும் உப்பு தொட்டுத் தின்கிற ஒவ்வொருவரும் உப்பின் இந்தக் கைவேலையை அறிவார்கள். துவர்ப்பும் கசப்பும் உள்ள பானத்துக்கு உப்புத் தீனி எப்போதும் துணை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு இனிப்பற்ற ஒயின் சேரவே சேராது. பால்கோவா தின்ற வாயால் டீ குடித்தால், போட்ட சர்க்கரை போதாமல் தெரியும். பாயசத்துக்குப் பின் ஒரு வாய் ரசம் குடித்தால் புளிப்பு முகத்தில் அடிக்கும். இனிப்புக்குப் பழகிய நாக்கு அடுத்து வருவதில் இனிப்பைக் காணாமல் புளிப்பையும் கசப்பையும் மட்டுமே பார்க்கிறது. ஒயின் எப்போதும் பண்டத்தைவிட இனிப்பாக இருக்கட்டும் என்று அந்தத் தொழிலில் சொல்லப்படும் விதியின் காரணம் இது.

மீன் குழம்பு தனிக் கதை. சிவப்பு ஒயினோடு மீன் ஆகாது என்பதற்கு டானினைத்தான் நெடுநாள் குற்றம் சொன்னார்கள். 2009ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒருவகைச் சிப்பிச் சதையைப் பல ஒயின்களோடு தின்னக் கொடுத்துப் பார்த்து, குற்றவாளி இரும்பு என்று கண்டார்கள். ஒயினில் கரைந்துள்ள இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் கவிச்சு வாடை கிளம்புகிறது. மீன் கொழுப்பை அந்த இரும்பு சிதைப்பதால் பிறக்கும் வாடை அது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் வாடை அடங்கியது. எல்லாச் சிவப்பு ஒயினும் மீனுக்கு எதிரி என்று சொல்ல முடியாது. இரும்பு குறைந்தது தப்பிக்கும்.

குளிர் காக்கும் புளிப்பு

இத்தனை நெருங்கிய சொந்தம் கம்பத்தில் காய்க்கும்போது, இங்கேயே அந்த ஒயின் வராதா என்று கேட்கத் தோன்றும். பதில் இரவில் இருக்கிறது. திராட்சையின் புளிப்புக்குக் காரணமான அமிலங்களில் ஒன்று மேலிக் அமிலம். பழம் பழுக்கும்போது அதன் உயிரணுக்கள் அந்த அமிலத்தையே எரித்து மூச்சுவிடும். சூடு ஏற ஏற அது வேகமாகத் தீர்ந்துபோகும். ஜெர்மனியின் ஒயின் பகுதிகள் 50 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டியவை. அங்கே அறுவடைக் காலத்து இரவு குளிர்ந்து கிடக்கும். புளிப்பு பழத்திலேயே தங்கும். அங்கே வெயிலுக்குத்தான் பஞ்சம். அதனால் ஆற்றங்கரைச் செங்குத்துச் சரிவில் கல்கட்டி மேடையாக்கி, சாய்ந்து விழும் வெயிலை நேராக வாங்குகிறார்கள்.

கம்பத்தில் அந்தக் குளிர் இல்லை; கொடிக்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. கவாத்து செய்யும் கத்திதான் அதற்குப் பருவம் சொல்கிறது. வெட்டியதும் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு மாதத்தில் வெட்டுவதால் ஆண்டு முழுக்க எங்கேனும் அறுவடை நடக்கும். ஜெர்மனியிலோ ஆண்டுக்கு ஒரே ஒரு அறுவடை. தின்னும் பழமாக வாசமும் இனிப்பும் பார்த்து நம் விவசாயிகள் தேர்ந்தெடுத்த கொடி இது; தின்னும் பழமாகவே அது முழுமையானது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவேண்டும் என்ற ஐரோப்பிய விதியையும் இங்கே அப்படியே எடுக்க முடியாது. அவர்கள் சொல்லும் அறை 16, 18 டிகிரி. மெல்லிய சிவப்புக்கு அதைவிடக் குறைவு. சூலக்கரையின் சித்திரை மாதத்து அறையில் ஆல்கஹால் ஆவியாய் மூக்கில் ஏறும், நாக்கைச் சுடும்.

ஆல்கஹாலைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே வகைப்படுத்திவிட்டது. எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்று 2023ல் அந்த நிறுவனம் மீண்டும் சொன்னது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று காதில் விழும் பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டியதில்லை. குடும்பங்கள் குடியால் சிதைவதைக் கண்முன் பார்க்கிற நாட்டில், இந்தக் கட்டுரை யாரையும் குடிக்க அழைக்கவில்லை.

அழைப்பது வேறொன்றுக்கு. சர்க்கரை போடாத கட்டன் சாயா ஒரு கிளாஸ், கொஞ்சம் காரசேவு, ஒரு துண்டு பால்கோவா, ஒரு துண்டு கறி, ஒரு டம்ளர் மோர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு வாய் சாயா குடித்து, துவர்ப்பு ஏறியதா இறங்கியதா என்று குறித்துவையுங்கள். கறி அதை இறக்கும். பால்கோவாவுக்குப் பின் சாயா கசக்கும். சேவின் உப்பு அந்தக் கசப்பைத் தணிக்கும். மோர் எரிச்சலை அணைக்கும். பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மத்தியானத்தில் செய்து முடிக்கலாம். நெக்கார் கரையில் தலைமுறை தலைமுறையாக ஒயினுக்கும் உணவுக்கும் பொருத்தம் பார்த்தவர்கள் நாக்கால் கண்டுகொண்டதும், சோதனைக்கூடங்கள் கடந்த முப்பது ஆண்டில் விளக்கியதும் அந்த ஒரு மத்தியானத்தில் அவர்களுக்குப் பிடிபடும். ருசி என்பது தெரிந்தவர்களின் ரகசியம் என்ற பயம் அதோடு போய்விடும். தட்டில் எது இருந்தாலும், ஏன் இது இதோடு சேர்கிறது என்று கேட்கிற பழக்கம் அவர்களோடு இருக்கும்.